கடைசி மரத்தின் ஈக்கள்

வேளாண்மை ஆபீசர் கொடுத்த மருந்து, பழத்திலிருந்து விழுந்து மண்ணுக்குள் புதையும் ஈப்புழுக்களைத் தேடிப்போய், அவற்றின் உடம்புக்குள் நுழைந்து தின்றுவிடுமாம். அந்தப் பூஞ்சைப் பொடியும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களும் கலந்த தண்ணீரை மாமரங்களின் தூரில் ஊற்றிவந்த செல்லக்கனி, தையில் மகளைப் புதைத்த கடைசி மரத்தடியில் குடத்தை இறக்கிவைத்தாள்.

“ஒத்த மரத்த விட்டாலும் தோப்பு பூரா ஈ பரவிரும், மதினி. மனுசர ஒண்ணும் செய்யாதுன்னு ஆபீசர் சொன்னார்லா?” என்றான் கொழுந்தன் பேச்சிமுத்து.

“உசுரோட இருக்கவங்களுக்குல்லா அது.”

அவன் குடத்தைத் தொடவில்லை.

ஆனியில் தோப்பு முழுக்கப் பழம் அழுகியது. கடைசி மரத்தடியில் மண்ணைக் கீறிக்கொண்டு ஈக்கள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. அவற்றின் ஈரச் சிறகில் வெயில் படட்டும் என்று செல்லக்கனி சற்றே நகர்ந்து உட்கார்ந்தாள்.