யார் காலில்?

"யார் கால்ல ரத்தம்?" என்றார் மேனேஜர்.

கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. அன்றைக்கு அனுப்ப வேண்டிய பால் நிறக் கம்பளத்தை நடுக்கூடத்தில் விரித்து, எல்லாரும் வெறுங்காலோடு அதன் மேல் நடந்து சுருக்கம் எடுத்திருந்தார்கள். அந்தக் கடையில் கம்பளத்தின் மேல் செருப்போடு ஏறினால் முதலாளியே ஆனாலும் தலை தப்பாது.

இப்போது அதன் மேல் மிளகு அளவில், சிவப்பாக, அங்கொன்றும் இங்கொன்றும்.

மேனேஜரின் காலைப் பிரசங்கம் பாதியில் நின்றது.

பிரசங்கம் என்றால் வியாபாரத்தைப் பற்றி அல்ல. சர்க்கரை வியாதியைப் பற்றி.

அவருடைய அண்ணனை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தது. அடுத்தது தான்தான் என்கிற பயம் அவர் நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. "மாத்திரை எழுதறது என் வேலை, மிச்சம் உங்க கையில" என்று டாக்டர் சொன்னபோது, அந்த மிச்சத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியதோடு நிற்காமல் கடை முழுக்க விநியோகமும் செய்தார்.

லிஃப்டுக்குப் பூட்டு விழுந்தது. தேநீரோடு வந்த பிஸ்கட் நின்றது. கேஷியர் பெண்ணின் பிறந்தநாளுக்கு வெள்ளரிக்காய் வெட்டப்பட்டது. அதன் மேல் மெழுகுவர்த்தி நிற்க மறுத்ததால் டிரைவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதுகுக்குப் பின்னால் தமக்குச் 'சர்க்கரைச் சாமியார்' என்று பெயர் ஓடுவது மேனேஜருக்குத் தெரியும். சாமியார் என்பது மரியாதைதானே என்று அதையும் வரவில் வைத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை. மாத்திரை தவறாது, நடை தவறாது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டு, அதை எல்லாருக்கும் காட்டியும் ஆயிற்று. எடை இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது.

ஏறியது பேச்சு மட்டும்தான்.

"காலைத் தூக்கிக் காட்டுங்க. ஒவ்வொருத்தரா."

டிரைவர் ஒற்றைக் காலில் நின்றார். கேஷியர் பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். சுமை தூக்குகிற இருவர் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு தள்ளாடினார்கள்.

"சார், என் கால்ல இருக்கறது வெறும் அழுக்கு," என்றார் டிரைவர்.

"சிரிப்பு வேறயா? கால்ல ஒண்ணு குத்தினதுகூடத் தெரியாம நிக்கறீங்களே, எருமைத் தோலாய்யா உங்களுக்கு? நம்ம உடம்புக்கு நாமதான் முதலாளி. முதலாளி தூங்கினா கடை என்னாகும்?"

பேசும்போது முன்னும் பின்னும் நடப்பது அவர் வழக்கம். நடந்தார்.

ஓரம் தைக்கிற அக்கா மட்டும் காலைத் தூக்கவில்லை. கம்பளத்தின் விளிம்பையே பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. அது மேனேஜரின் பின்னாலேயே போய், மேனேஜரோடு திரும்பி வந்தது.

"சார், கொஞ்சம் நில்லுங்க."

"நீங்க இன்னும் காட்டலியேக்கா?"

"காட்டறேன். முதல்ல நீங்க உக்காருங்க."

சுருட்டி வைத்திருந்த கம்பளம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அக்கா கீழே அமர்ந்து, அவர் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பினாள்.

கம்பளத்தைப் பலகையோடு சேர்த்து அடிக்கிற குட்டை ஆணி. கட்டைவிரலுக்குக் கீழே, தலை மட்டும் வெளியே தெரிய, உள்ளே இறங்கியிருந்தது.

கேஷியர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரைவர் இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றார். இறக்க மறந்துவிட்டார்.

மேனேஜர் ஆணியைப் பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பது போலிருந்தது. அந்தக் காலுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்தார். தெரியவில்லை. நாக்கைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார், தொப்பையைப் பக்கவாட்டில் பார்த்திருக்கிறார். உள்ளங்காலை என்னத்தைப் பார்ப்பது என்று விட்டுவிட்டார்.

அண்ணனுக்கு முதலில் போனது கால்தான். அதை அவர் மறக்கவில்லை. பிஸ்கட் தின்றதால் போயிற்று என்று தீர்ப்பு எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சுற்றி நின்றவர்களின் கண்ணெல்லாம் அவர் முகத்தில் இருந்தது. இத்தனை நாள் பேசிய பேச்சுக்கு, கொஞ்சமாவது வலித்தாக வேண்டும்.

"தைரியமா எடுங்கக்கா. வலியெல்லாம் நமக்குப் பழக்கம்தான்," என்றார்.

கண்ணை இறுக மூடினார். பல்லைக் கடித்தார். தையல் பெட்டிக்குள் அக்கா குறடைத் தேடும் ஓசை கேட்டது. பிறகு துணி கிழிபடும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. சரி, இதுதான் சமயம் என்று உத்தேசமாக ஒரு முடிவுக்கு வந்து,

"ஆ... அம்மா!" என்று அலறினார்.



"எடுத்து அப்பவே ஆச்சு சார்," என்றாள் அக்கா மெதுவாக. "கட்டும் போட்டாச்சு."

கண்ணைத் திறந்தார். ஆணி அவள் உள்ளங்கையில் இருந்தது. காலில் துணி, முடிச்சோடு.

"நடிப்புகூட நமக்கு லேட்டாத்தான் வருது, பாத்தீங்களா," என்று சொல்லிப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக டிரைவர் வண்டிச் சாவியை எடுக்கப் போனார். மேனேஜர் இடது காலைத் தாமே தூக்கி மடியில் வைத்து, திருப்பிப் பார்த்தார்.