சிரித்துச் சொன்ன வாக்குமூலம்

தோர்ண்டன் ஹீத்தில், மரக்கறிக் கடைக்கு மேலேயுள்ள வழக்கறிஞர் அலுவலகத்தில் ஹீட்டர் அனல் கக்குகிறது. தவயோகன் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டியபடி நிற்கிறான். அவனது அகதிக் கோரிக்கையைக் குடிவரவு அதிகாரிகள் நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்காக, அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர் மேனுஷா அவனுக்குச் சூடு வைத்த தழும்புகளைப் படமெடுக்கிறாள். கமரா வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் அவன் தோள் துடிக்கிறது. “ஏன் என்னை நம்பேலாதாம்? இன்னொருக்காச் சொல்லும், தங்கச்சி.” “சித்திரவதையைச் சொல்லேக்க நீங்கள் சிரிச்சுக்கொண்டு இருந்தனீங்களாம், அண்ணை.” “சிரிக்காமல்? சென்றியிலை மறிச்சுத் துவக்கோடை நிண்ட ஆமிக்காரனுக்குச் சிரிச்சுச் சிரிச்சுத்தானே உயிரோடை வந்தனான்! மூஞ்சியை நீட்டினவன் ஒருத்தனும் திரும்பி வரேல்லை. இவைக்கு நான் அழுது காட்டோணுமோ?” சுவரில் ஓங்கி அறைகிறான். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கீழே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. மேனுஷா கமராவைத் தாழ்த்துகிறாள். “கோர்ட்டிலை மட்டும் சிரிச்சுப்போடாதேங்கோ, அண்ணை.”

கதவு திறக்கிறது. வெள்ளைக்கார வழக்கறிஞர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி உள்ளே வருகிறார். தவயோகன் சட்டையை நெஞ்சோடு அள்ளிப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கிறான். கண்கள் இன்னும் எரிகின்றன. உதடுகள் மட்டும் தாமாக விரிந்து பல்லைக் காட்டுகின்றன.