மூன்றாவது பொத்தான்

எங்கள் ஊருக்கு வரவேண்டிய சுவரைத் தின்றது நீதான். தின்றுவிட்டு வாயையும் துடைத்துக்கொண்டாய். உன் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

போன சனிக்கிழமை எங்கள் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து, தட்டுக்கு இவ்வளவு என்று வசூல். ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே எங்கள் பக்கமெல்லாம் தீயணைப்பு வண்டிக்கு டயர் வாங்குவதே இப்படித்தான். வாஷிங்டன் காங்கிரஸில் எங்கள் தொகுதி உறுப்பினரான லொரெய்ன் பன்கோவ்ஸ்கி ஏப்ரன் கட்டிக்கொண்டு கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நான் டோம். பழைய கார் வியாபாரம். எங்கள் தொகுதியில் பாதி வாசலில் ஒரு கட்சிப் பலகை, மீதி வாசலில் இன்னொரு கட்சிப் பலகை. ஆனால் எல்லா வாசலிலும் இரண்டு கார் நிற்கும். அதில் ஒன்று என்னிடம் அடித்துப் பேசி வாங்கியதாக இருக்கும்.

தட்டை நீட்டினேன். "ஏம்மா லொரெய்ன், இதையாவது திருப்பிப் போடுவியா, இல்ல சும்மா பார்த்துக்கிட்டே நிப்பியா?"

வரிசையே சிரித்தது. எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னாலேயே நெடுஞ்சாலை. லாரி போகிற சத்தத்தில் நானும் என் மனைவி கோனியும் கத்தித்தான் பேசுகிறோம். லாரி இல்லாவிட்டாலும் நீ கத்துவாய் என்பாள் அவள். அது வேறு கதை. சத்தத்தைத் தடுக்கச் சுவர் கட்டும் பணம் வாஷிங்டனில் ஓட்டுக்கு வந்தது. இரண்டு பக்கமும் சமம். அங்கே சமம் என்றால் தோல்வி. எட்டு வருஷமாக ஒரு ஓட்டைக்கூடத் தவறவிடாத லொரெய்ன், அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். 'ஆம்' பொத்தானையும் அழுத்தவில்லை, 'இல்லை' பொத்தானையும் அழுத்தவில்லை. 'வந்திருக்கிறேன்' என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறதாம். அதை அழுத்தியிருக்கிறாள்.

இந்தத் தேர்தலில் அவளை எதிர்த்து நிற்கும் பல் டாக்டருக்கு இது போதாதா? கூட்டம் போட்டார். "ஆஜர் சொல்லவா இந்தம்மாவை அனுப்பினோம்?" என்று கேட்டார். மேடையில் அவர் கட்சிக்காரர், வெளி மாநிலத்து காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர், கைதட்டினார். கீழே நானும் தட்டினேன்.

"ஒரு விரல்மா" என்றேன் லொரெய்னிடம். "அதைக் கொஞ்சம் நகத்தியிருந்தா சுவர் வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும் டோம்."

"அப்புறம் என்ன கேடு?"

"ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"யாருக்கு? லாரி கம்பெனிக்காரனுக்கா?"

"ப்ளூபெர்ரி போடவா, வேண்டாமா?"

"உன் பான்கேக்கும் வேண்டாம், உனக்கு என் ஓட்டும் கிடையாது." தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கார் நிறுத்துமிடத்தில் பின்னாலேயே ஒருவன் வந்தான். கையில் என் தட்டு. லொரெய்னின் புருஷன் ஸ்டான். பேச்சே வராத மனுஷன். என்னிடம் வேன் வாங்கியபோதுகூட நான் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனவன்.

"அவகிட்ட இன்னொரு தரம் கத்தாதே டோம். காரணத்தைச் சொல்றேன். ஆனா ஆளோட பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கை குடு."

கொடுத்தேன்.

"அன்னைக்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் வரலை. சுவர் வேண்டாம்னு போடவேண்டிய ஓட்டு அவரோடது. அவரு எங்க இருந்தார் தெரியுமா? ஆஸ்பத்திரியில. தம்பிக்குத் தன் கிட்னியைக் குடுக்கிறதுக்கு. ஓட்டுக்காக ஆபரேஷனைத் தள்ளிவச்சிட்டுக் கிளம்பப் பார்த்தார். இவதான் போன் பண்ணி, 'நீங்க பேசாமப் படுங்க. உங்க ஓட்டு இல்லைன்னா என் ஓட்டும் இல்லை'ன்னா. பழைய உறுப்பினர்களுக்குள்ள அப்படி ஒரு வழக்கம் உண்டு."

"யோவ், எதிராளி இல்லாத நேரம் பார்த்து ஜெயிக்கிறதுதானே பேரம்?"

"அவளுக்கு அந்த ஜெயிப்பு வேண்டாமாம்."

"சரி, இதை மைக் போட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"அவரு வீட்டு விஷயம், அவரே சொல்லட்டும்னு இருக்கா." பெயரை மட்டும் என் காதோடு சொன்னான். தட்டை நீட்டினான். "ஆறுது பாரு. சாப்பிடு."

திரும்ப உள்ளே போனேன்.

"இன்னும் ரெண்டு போடு. ப்ளூபெர்ரியோட."

லொரெய்ன் நிமிர்ந்து பார்த்தாள். "கோபம் போயிடுச்சா?"

"போகலை. ஆள் மாறியிருக்கு. உன் பலகை ஒண்ணு குடு, வாசல்ல நடணும். பெருசா இருக்கட்டும். லாரிக்காரனுக்கும் தெரியணும்."

அவள் ஸ்டானைப் பார்த்தாள். ஸ்டான் காபியைப் பார்த்தான்.

பெயரைச் சொல்லக்கூடாது என்றுதான் ஸ்டான் என்னிடம் வாக்கு வாங்கினான். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேரம் பேசத் தெரியாத மனுஷன்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். தம்பிக்குக் கிட்னி கொடுத்தவன் நீ, கெட்டவனாக இருக்க மாட்டாய். அன்றைக்குக் கைதட்டியபோது எனக்கு விஷயம் தெரியாது. மேடையில் இருந்த உனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் லொரெய்ன் மக்களைச் சந்திக்கிறாள். நேராக வந்து, தட்டிய அந்தக் கையாலேயே மைக்கைப் பிடித்து, அன்றைக்கு எங்கே படுத்திருந்தாய் என்று நீயே சொல்லு.