கறுப்புக் குழாய்

சமையலறை மேசைமேல் ராக்கெட் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. உச்சிக்குப் போனதும் பாராசூட்டை விரித்துவிட வேண்டிய சின்ன மின்பலகையையும் அதன் பேட்டரியையும் ஒரு மரச்சட்டத்தில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள் அக்கா. பிளாஸ்டிக் பட்டையின் வாலைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். அது கரகரவென்று இறுகுகிறது. எதிரே, மாவுக்கட்டுப் போட்ட கையை மேசைமேல் கிடத்தியபடி தங்கை. “என் கட்டு மாதிரியே இறுக்கிப் போடுக்கா. அரிச்சாலும் அசையக் கூடாது.” அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டத்தை ராக்கெட்டின் கறுப்புக் குழாய்க்குள் செருகி, திருகாணியை முடுக்கி, காதோரம் ஆட்டிப் பார்க்கிறாள். சத்தமில்லை. “போன தடவையும் சத்தம் வரலயே,” என்கிறாள் தங்கை, குற்றம் சொல்லாத குரலில். அதுதான் சுருக்கென்கிறது. போன தடவை பேட்டரியை வெறும் பசை வைத்து ஒட்டியது அக்காதான். இந்தச் சமையலறை நிழலில் கல்லாக இருந்த பசை, மைதானத்து வெயிலில் காத்திருந்த நேரத்தில் இளகிவிட்டது. கிளம்பிய வேகத்தில் பேட்டரி பிய்த்துக்கொள்ள, பாராசூட் விரியாமலே ராக்கெட் தங்கையின் கைமேல் வந்து விழுந்தது. அக்கா எழுந்துபோய்க் குழாயை ஜன்னல் விளிம்பில், சுள்ளென்ற வெயிலில் வைக்கிறாள். இருவரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்டால் கை பொசுங்கும் சூடு ஏறிய பிறகு, அக்கா அதைத் துணியால் பிடித்தெடுத்துக் காதோரம் கொண்டுபோகிறாள். “ஆட்டிப் பாருக்கா.” அக்கா ஆட்டுகிறாள். இன்னும் பலமாக ஆட்டுகிறாள். குழாய்க்குள் ஒன்றும் அசையவில்லை.