முன் வரிசை அம்மாள்

பச்சை நாடாவில் அடையாள அட்டை மாட்டியிருந்த ஓர் அம்மாள் முன் வரிசையில் வந்து உட்கார்ந்ததும், மேடையில் நின்றிருந்த யாமினிக்குப் பயம் வந்துவிட்டது. அரங்கில் மற்ற எல்லோருக்கும் நீல நாடா. பச்சை என்றால் யாரோ பெரிய நிபுணர்தான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு ஹோட்டல் மாடி. வரிசையாக நான்கு ஹால்கள், அதில் ஒன்றில் வெப் டெவலப்பர்களின் ஒருநாள் மாநாடு. யாமினி கோலார் தங்கவயலிலிருந்து காலை முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தாள்.

போன வருஷம் ஆபீஸில் பன்னிரண்டு பேர் முன்னால் பேச ஆரம்பித்து, பாதியில் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே ஓடியவள் அவள். அது தெரிந்தும் டீம் லீட் சுதீர் இந்த வாய்ப்பை அவளுக்குத்தான் வாங்கித் தந்திருந்தான். இதிலும் சொதப்பினால் இனி யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

திரையில் முதல் ஸ்லைடு வந்தது. முந்நூறு முகங்களைப் பார்த்ததும் மனப்பாடம் செய்து வைத்திருந்த முதல் வரி மறந்துபோனது. கையில் மைக் நடுங்கியது.

முன் வரிசை அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். யாமினியின் முகத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ‘சொல்லு’ என்பதுபோலத் தலையசைத்தார்.

யாமினிக்கு அது போதுமாக இருந்தது. பஸ் டிக்கெட் எடுக்கும் வலைப்பக்கம் ஒன்று திறக்கப் பதினோரு விநாடி எடுத்துக்கொண்டதையும், அதைத் தான் மூன்று விநாடிக்குக் கொண்டுவந்ததையும் அந்த அம்மாளுக்கே சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் தலையசைக்க அசைக்க, இவளுக்குக் குரல் ஏறியது.

தான் எழுதியதிலேயே உருப்படியான வேலை, பழைய புரோகிராம் கோடில் பாதியை அழித்ததுதான் என்று அவள் சொன்னபோது அரங்கமே சிரித்தது. அந்த அம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எல்லோரும் ஓய்ந்த பிறகு தானும் சிரித்தார்.

கேள்வி நேரத்தில் பின்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, நெட்வொர்க் சுத்தமாகப் போய்விட்டால் இந்தப் பக்கம் என்ன செய்யும் என்று கேட்டார்.  யாமினியின் கண் தானாகவே முன் வரிசைக்குப் போனது. அங்கே அதே புன்னகை, அதே தலையசைப்பு.

எடுத்த டிக்கெட் போனிலேயே சேமித்து வைக்கப்படும், சிக்னலே இல்லாவிட்டாலும் காட்டலாம் என்றாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் சிக்னல் போகும் இடங்களில், ஓடும் ரயிலில் நின்றபடி ஒரு மாதம் அதைச் சோதித்துப் பார்த்த கதையையும் சொன்னாள். கேட்டவரே முதலில் கைதட்டினார்.

மேடையிலிருந்து இறங்கியவளிடம் சுதீர் ஓடி வந்து, அடுத்த மாதம் சென்னைக் கூட்டத்திலும் அவளே பேச வேண்டும் என்று மாநாடு நடத்துகிறவர்கள் கேட்கிறார்கள் என்றான். யாமினி அவனுக்கு அவசரமாக நன்றி சொல்லிவிட்டு, வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த அந்த அம்மாளைப் பிடித்தாள்.

“மேடம், உங்க முகத்தைப் பார்த்துத்தான் முழுசாப் பேசினேன். இல்லன்னா இன்னிக்கும் ஓடியிருப்பேன்.”

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன் பெயர் ஜோசஃபின், காக்ஸ் டவுனில் வீடு என்றார். “உன் கை அப்படி நடுங்கிச்சும்மா. அந்த நேரத்துல நான் எழுந்து போனா நீ கலங்கிடுவியேன்னுதான் உட்கார்ந்துட்டேன்.”

எழுந்து போவதா? யாமினிக்குப் புரியவில்லை. ஆனாலும் இப்படி ஒருவர் மறுபடி எப்போது கிடைப்பார் என்று நோட்டைத் திறந்து, பேச்சில் எதையெல்லாம் திருத்திக்கொள்ள வேண்டும் என்று பணிவாகக் கேட்டாள்.

ஜோசஃபின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சங்கடமாகச் சிரித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“பல் டாக்டருங்க மாநாடு எந்த ஹால்லம்மா நடக்குது?”