ஒரு ஆள் எடை

கோட்டைச்சாமியின் பாடையைத் தூக்க மகன்கள் குனிந்தபோது, சோமநாதனும் மூங்கிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியப்பா, உங்க இடுப்புக்கு இது ஆகாது. தள்ளுங்க.”

“உங்கப்பனும் நானும் ஒண்ணா ஹெலிகாப்டர் ஓட்டுனவங்கடா. நீ தள்ளு.”

போர் நடந்த அந்தப் பனிமலையில் காற்றுக்கே பஞ்சம். காயம்பட்டவர்களை ஏற்றினால் ஹெலிகாப்டர் எழும்பாமல் முக்கும். அதனால் கிளம்பும் முன்பே எரிபொருளைக் குறைப்பார்கள், கதவைக்கூடக் கழற்றுவார்கள். கோட்டைச்சாமி மட்டும் ஸ்பானரோடு குனிந்து, குண்டு துளைக்காமலிருக்கத் தன் இருக்கைக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் பூட்டியிருந்த இரும்புத் தகடுகளையும் கழற்றித் தரையில் வைத்துவிடுவான்.

“உசுரு வேணாமாடா மாப்ளே?” என்று கத்துவார் சோமநாதன்.

“ஒரு ஆள் எடைடா இது. மேல ஒருத்தன் கெடக்கான்ல.”

“அப்ப என்னோடதையும் கழட்டு.”

“ரெண்டு பேரும் செத்தா வண்டிய எவன் எறக்குவான்? உங்கப்பனா?”

கீழேயிருந்து சுடும்போதெல்லாம் தகட்டின் மேல் உட்கார்ந்திருந்த சோமநாதனுக்குத்தான் பிட்டம் கூசும். கோட்டைச்சாமி தன் பாட்டுக்கு ஓட்டுவான். திரும்பி வந்ததும் தகடுகளைப் பழையபடி பூட்டிவிட்டுச் சோறு தின்னப் போவான். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாடை எழுந்தது. சர்க்கரை வியாதி தின்று தீர்த்த உடம்பு, தோளில் கனமே தெரியவில்லை. சோமநாதன் மூங்கிலில் கன்னத்தைச் சாய்த்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“இன்னைக்கு யாருக்குடா எடம் விட்டிருக்க?”