தொட்டிப்பாலத்தில் ஒரு கசிவு

“இடிச்சிட்டியா, கண்ணு?”

கரைப்பாதையில் நின்றிருந்த பெண்மணி சாவதானமாகக் கேட்டார்.

இடித்துவிட்டுத்தான் நின்றிருந்தேன். ஒரு கையில் சுக்கான், மறு கையில் பேக்கன் வைத்த ரொட்டி. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்ற கட்டத்தில் நான் ரொட்டியைக் காப்பாற்றினேன். படகின் மூக்கு தொட்டிப்பாலத்தின் கல்விளிம்பில் மோதிய சத்தத்தில், கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் தலைதூக்கி என்னைப் பார்த்தன.

சின்னப் பாலம்தான். ஓர் ஓடைக்கு மேலே கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகிறது. படகுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிச்சம். அதைத் தாண்டியதும் பாலத்தை ஒட்டியே படகைக் கட்டிவிட்டு, சரிவில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். வளைவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச்சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

இருநூறு வயதுப் பாலம். அதை உடைத்தவன் நான் என்று கால்வாய் அலுவலகத்துக்குத் தெரிந்தால், படகின் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்கு இருக்கும் ஒரே வீடு அந்தப் படகு. இன்னொரு வீடு இருந்தது. அதில் இப்போது என் முன்னாள் மனைவியும் எங்கள் பல் டாக்டரும் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நேர்மையான மனிதன் செய்யவேண்டியதைச் செய்தேன். மறுநாள் காலையில் சத்தம் காட்டாமல் கிளம்பப் பார்த்தேன்.

கரையில் அதே பெண்மணி கேக்கோடு நின்றார். பெயர் வின்னி ப்ராட்டன், வீடு பாலத்தை ஒட்டித்தான் என்று அறிமுகம் செய்துகொண்டார். இரண்டு நாளைக்குப் படகை எடுக்காதே என்றார். ஏன் என்றேன். மழை வரும்போல இருக்கிறது என்றார். இங்கிலாந்தில் அதெல்லாம் ஒரு காரணமா?

கேக் பிரமாதமாக இருந்தது. அதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

அன்று மாலை ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். வின்னி பாலத்தின் மேல், சரியாக நான் இடித்த இடத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து கரண்டியால் எதையோ எடுத்துத் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தார். கசிவு எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க அலுவலகத்துக்காரர்கள் தண்ணீரில் சாயம் கலப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு எதிராகச் சாட்சி தயாராகிறது.

நான் கரையில் குதித்ததும் டப்பாவைப் பட்டென்று மூடினார்.

“என்ன கலக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல, கண்ணு. ரெஜ் செய்யச் சொன்னது.”

ரெஜ் யார் என்று கேட்டேன். வீட்டுக்காரர் என்றார். டப்பாவை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மதுக்கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் முகம் மாறியது. ரெஜ் கால்வாய் அலுவலகத்து ஆள், இந்தப் பாலத்தில் ஒரு கீறல் விழுந்தால்கூட சோறு இறங்காது அவருக்கு என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க எனக்குத் தெம்பில்லை. பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் நான் கயிற்றை அவிழ்க்கப் போனபோது வின்னி மறுபடியும் கரண்டியோடு பாலத்தில் இருந்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இடித்தது நான்தான், பாலம் ஒழுகுவது என்னால்தான், ரெஜ்ஜைக் கூப்பிடுங்கள், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், உரிமத்தில் மட்டும் கை வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கொட்டித் தீர்த்தேன்.

வின்னி வாய்விட்டுச் சிரித்தார். பாலம் முப்பது வருஷமாக ஒழுகுகிறதாம். நான் இடித்ததில் கொஞ்சம் பெயிண்ட் உரிந்ததாம், அதுவும் என் படகின் பெயிண்ட்தானாம்.

“அப்புறம் ஏன் என்னைப் போகவிடாம வெச்சிருந்தீங்க?”

“படகு போனா அடித்தண்ணி கலங்கும். அடைச்சதெல்லாம் பேந்து வந்துடும். சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். தண்ணியே அதை விரிசலுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போய் அடைச்சுடும். படகுக்காரனா இருந்துக்கிட்டு இது தெரியாதா உனக்கு?”

தெரியும், பயத்தில் மறந்துபோயிருந்தது. அசட்டுத்தனத்தை மறைக்கக் கொஞ்சம் கோபப்பட்டேன். அடுப்புச் சாம்பலுக்கா இத்தனை ஒளிவுமறைவு? என் அடுப்பிலேயே வாளி வாளியாகக் கிடக்கிறது, கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்றேன்.

வின்னி டப்பாவைத் தண்ணீரின்மேல் கவிழ்த்து, அடியை மெல்லத் தட்டினார்.

“அடுப்புச் சாம்பல் இல்ல, கண்ணு. இது ரெஜ். முப்பது வருஷம் இந்த ஒழுகலை நிறுத்தப் பாத்தாரு, முடியல. கீழ போய்ப் பாரு, இன்னிக்கு ஒரு சொட்டு விழல.”